டீசல் ஸ்விஃப்ட்டுக்கு வீட்டில் சர்வீஸ்: மூவாயிரத்தில் நின்ற முள்

என்னிடம் இருப்பது 2013ஆம் ஆண்டின் மாருதி ஸ்விஃப்ட் டீசல். அதில் இருக்கும் 1,248 சிசி மல்டிஜெட் எஞ்சின் ஃபியட் வடிவமைத்தது. 2003இல் ஐரோப்பாவில் அறிமுகமாகி, பிறகு இந்தியாவில் மாருதி, டாடா, ஃபியட் என்று பல கார்களுக்குள் புகுந்ததால், கார்ப் பித்தர்கள் இதை ‘தேசிய டீசல் எஞ்சின்’ என்றே அழைப்பது வழக்கம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. இனி புதிதாகக் கிடைக்காத ஒரு வண்டியை இன்னும் பல ஆண்டுகள் ஓட்ட வேண்டும் என்ற ஆசையில்தான், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை வரும் சர்வீஸை நானே வீட்டில் செய்யத் தொடங்கினேன். இம்முறை ஓடோமீட்டர் 1,38,400 காட்டியபோது செய்த வேலையையும், அதன் பிறகு ஓர் இரவு முழுக்க என்னைத் தூங்கவிடாத ஒரு கேள்வியையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, மதுரை வெயில் ஏறுவதற்கு முன்பே தொடங்கினேன். எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஆயில் இளகி ஓடும் அளவுக்குச் சூடானதும் நிறுத்தினேன். பின்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் இறக்கி, வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்த பிறகே அடியில் படுத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை நீட்டுவது எவ்வளவு அவசரமாக இருந்தாலும் செய்யக்கூடாத காரியம். ஒரு ஜோடி ஸ்டாண்டின் விலை ஒரு சர்வீஸில் மிச்சமாகும் கூலிக்குள் அடங்கிவிடும்.

ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டின் கடைசி இரண்டு மரைகள் மிச்சமிருக்கும்போது அதை உள்நோக்கி அழுத்தியபடியே விரலால் திருகி, மரை முடிந்த கணத்தில் சட்டென்று பக்கவாட்டில் விலக்கினால் ஆயில் முழங்கையில் வழியாது. வெளியே வந்த ஆயில் தார் போலக் கறுத்திருந்தது. பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துப் பயப்படுவார்கள்; டீசலில் எரிப்பின்போது உண்டாகும் கரித்தூளை ஆயில் தன்னுள் ஏந்திக்கொள்வதால், புது ஆயில்கூட சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். நிறத்தைவிட விரலிடுக்கில் தேய்த்துப் பார்ப்பதுதான் முக்கியம்; மணல் போல நெருடவில்லை, டீசல் வாடையும் தூக்கலாக இல்லை. அரை மணி நேரம் சொட்டச் சொட்ட வடியவிட்டு, புது வாஷர் போட்டு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினேன். பழைய ஆயிலைக் கேனில் ஊற்றி, சேகரித்து அனுப்பும் பட்டறையில் கொடுத்துவிட்டேன். சாக்கடையில் ஊற்றுவதற்கு யாருக்கும் உரிமையில்லை.

இந்த எஞ்சினின் ஆயில் ஃபில்டர், தகர டப்பா வகை இல்லை. ஒரு கூட்டுக்குள் காகித மடிப்பு மட்டும் மாறும். மூடியின் பழைய ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம், பள்ளத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அதைக் கவனிக்காமல் புதியதை அதன் மேலேயே போட்டால் மூடி சரியாக உட்காராது. பழையதை மரக்குச்சியால் நெம்பி எடுத்து, புதியதில் ஆயில் தடவிப் போட்டேன். பிறகு 5டபிள்யூ-30 ஆயில். முதலில் இரண்டே முக்கால் லிட்டர் ஊற்றி, எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்திப் பத்து நிமிடம் காத்திருந்து, சமதளத்தில் நிற்கும் காரில் டிப்ஸ்டிக்கைப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, இரண்டு கோடுகளுக்கு இடையில், மேல் கோட்டுக்கு ஒரு நகக்கண் அளவு கீழே நிறுத்தினேன். மேல் கோட்டை ஏன் தாண்டக்கூடாது என்பதற்கு இந்தப் பதிவில் பின்னால் ஒரு காரணம் வருகிறது.

டீசல் ஃபில்டரை மாற்றும் தவணை இன்னும் வராததால் அடியில் சேர்ந்த தண்ணீரை மட்டும் வடித்தேன். கண்ணாடித் தம்ளரில் பிடித்த டீசலின் அடியில், மிளகளவு இரண்டு நீர்முத்துக்கள் உருண்டு ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. அவ்வளவு சிறிய தண்ணீர்கூட ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் வேலை செய்யும் பம்புக்கும், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கும் நல்லதில்லை. கடைசியாக ஏர் ஃபில்டர். பெட்டியின் மூடியைத் தூக்குவதற்கு வசதியாக, உள்ளே போகும் காற்றின் அளவை அளக்கும் சென்சாரின் ஒயர் கனெக்டரைக் கழற்றி ஓரமாக வைத்தேன். பெட்டிக்குள் புழுதியும் இரண்டு காய்ந்த வேப்பிலைகளும் கிடந்தன. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, புது ஃபில்டரை வைத்து, கிளிப்புகளை மாட்டி, கனெக்டரைத் திரும்பச் சொருகினேன். ஒன்பதரை மணிக்கு வேலை முடிந்தது.

சாயங்காலம் திருமங்கலம் நோக்கி நான்குவழிச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். ஐடிலிங் சீராக இருந்தது. இரண்டாவது கியர் வரை எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரைத் தரை வரை அழுத்தியபோது, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள் 2,500 வரை சோம்பலாக ஏறி, 3,000-ஐத் தொட்டதும் அங்கேயே நின்றுவிட்டது. அதிர்வில்லை, தட்டல் சத்தமில்லை, பின்னால் புகையுமில்லை. முகப்பில் மஞ்சள் எஞ்சின் விளக்குகூட எரியவில்லை. வண்டிக்கு யாரோ ஒரு வரம்பு போட்டுவிட்டது போல இருந்தது. ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் போட்டு மெதுவாக ரேஸ் கொடுத்தால் 4,000 வரை தடையின்றி ஏறியது.

இந்த முரண்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. சுமை இல்லாதபோது 4,000 சுற்றும் எஞ்சின், சுமை ஏறும்போது 3,000-இல் ஏன் நிற்க வேண்டும்? சுழற்சி வேகத்துக்கு வரம்பு என்றால் அது இரண்டு இடத்திலும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்?

எதிர் வீட்டு அண்ணன் முப்பது வருடம் லாரிப் பட்டறையில் டீசல் எஞ்சின் வேலை பார்த்தவர். வாசலில் நின்று அவரிடம் சொன்னேன். “அண்ணே, நியூட்ரல்ல நாலாயிரம் போகுது, ரோட்டுல மூவாயிரத்துல நின்னுடுது.” அவர் பானட்டைத் திறக்கக்கூட இல்லை. “தம்பி, டீசல் வண்டியை நிப்பாட்டி வச்சு ரேஸ் கொடுத்தா ஒண்ணும் தெரியாது. சும்மா சுத்துறதுக்கு எவ்வளவு டீசல் வேணும்? ஏத்தத்துல இழுக்குதான்னு பாரு. டீசல் வந்தாத்தான் எஞ்சின் சுத்தும். எங்கேயோ டீசலைக் குறைக்குது, அது ஏன்னு கண்டுபிடி.” அவ்வளவுதான் சொன்னார். அந்தச் சில வாக்கியங்களை விரித்துப் பார்க்க எனக்கு ஒரு முழு இரவு தேவைப்பட்டது.

பெட்ரோல் எஞ்சினில் நாம் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது திறப்பது காற்றின் கதவு. வரும் காற்றுக்கு ஏற்ற விகிதத்தில் பெட்ரோல் பின்தொடர்கிறது. டீசலில் அப்படி இல்லை. காற்று எப்போதும் தாராளமாக உள்ளே வருகிறது. நம் கால் தீர்மானிப்பது எவ்வளவு டீசல் பீய்ச்சப்பட வேண்டும் என்பதை மட்டும். ஆகவே டீசல் எஞ்சினின் வேகம் என்பது முழுக்க முழுக்கப் பீய்ச்சப்படும் டீசலின் கணக்கு. நியூட்ரலில் எஞ்சின் தன் சொந்த உராய்வை வென்றால் போதும் என்பதால் சிறிதளவு டீசலிலேயே வேகமெடுக்கும். சாலையில் ஒரு டன்னுக்கு மேற்பட்ட வண்டியை இழுத்துக்கொண்டு காற்றை எதிர்க்க வேண்டும். அப்போது டீசலுக்கு ஓர் உச்சவரம்பு வைத்துவிட்டால், இழுவையும் எதிர்ப்பும் சமமாகும் இடத்தில் முள் தானாக நின்றுவிடும். நான் பார்த்தது வேகத்தின் வரம்பு இல்லை, டீசலின் வரம்பு. அது என் கண்ணுக்கு 3,000 என்ற எண்ணாகத் தெரிந்தது, அவ்வளவே.

இது புரிந்ததும், அதே இரவில், மனதின் ஓரத்தில் கிடந்த பழைய கேள்வியும் எழுந்து உட்கார்ந்தது. இந்தக் காரின் முகப்பில் சிவப்புப் பட்டை 5,000-ஐ ஒட்டிய இடத்தில் தொடங்குகிறது. அதே ஸ்விஃப்ட்டின் பெட்ரோல் வகை 6,000-ஐச் சாதாரணமாகத் தாண்டுகிறது. இரும்பு வலுவாக இருப்பது டீசலில்தான். பிறகு ஏன் வலுவான எஞ்சினுக்குக் குறைந்த வரம்பு?

பேப்பரும் கால்குலேட்டரும் எடுத்துக்கொண்டு பிஸ்டனின் வேகத்திலிருந்து தொடங்கினேன். டீசல் எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 69.6 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் பயணிக்கும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 82 மில்லிமீட்டர். பெட்ரோல் ஸ்விஃப்ட்டின் 1,197 சிசி எஞ்சினில் விட்டம் 73, ஸ்ட்ரோக் 71.5. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஸ்ட்ரோக்கின் இருமடங்கு தூரம் போகிறது என்பதால், டீசல் பிஸ்டனின் சராசரி வேகம் 4,000 சுற்றில் நொடிக்கு 10.9 மீட்டர், 5,000 சுற்றில் 13.7 மீட்டர். பெட்ரோல் பிஸ்டனுக்கு அதன் உச்சத்திறன் கிடைக்கும் 6,000 சுற்றில் 14.3 மீட்டர். கணக்கு முடிந்ததும் எனக்கே வியப்பாக இருந்தது: முகப்பில் ஆயிரம் சுற்று வித்தியாசம் தெரிந்தாலும், பிஸ்டன்கள் சிலிண்டர் சுவரில் தேயும் வேகத்தில் இரண்டும் கிட்டத்தட்ட அண்ணன் தம்பிகள்தான். கப்பல்களுக்கான ராட்சத டீசல் எஞ்சின்களில் ஸ்ட்ரோக் 2.5 மீட்டர் இருப்பவை உண்டு. அவை நிமிடத்துக்கு 102 சுற்றுதான் சுற்றுகின்றன, ஆனால் அவற்றின் பிஸ்டன் வேகமும் நொடிக்கு 8.5 மீட்டர் வருகிறது.

ஆனால் வேகத்தைவிட விசை முக்கியம். பிஸ்டன் மேலே போய் நின்று, திரும்பிக் கீழே வரும் அந்தக் கணத்தில், அதைப் பிடித்து இழுப்பது, பிஸ்டனைக் கிராங்க் என்ற சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு. இந்த இழுவிசை சுழற்சி வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 4,000-இலிருந்து 5,000-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, விசையோ ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகமாகிறது. டீசல் பிஸ்டன் அழுத்தத்தைத் தாங்குவதற்காகத் தடித்தே செய்யப்படுவது. மேலும் கீழும் ஓடும் எடை அரைக் கிலோ என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டு, ராடின் சாய்வைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், 4,000 சுற்றில் ஒவ்வொரு ராடிலும் சுமார் 370 கிலோவைத் தொங்கவிட்டது போன்ற இழுப்பு. 5,000-இல் அது 570 கிலோ. இது நொடிக்குப் பல பத்து முறை, வருடக்கணக்கில் நடக்கிறது. எரிப்பின் அழுத்தத்தைத் தாங்குவதற்காகக் கூட்டிய எடையே, சுழலும்போது எஞ்சினுக்கு எதிராகத் திரும்புகிறது. வலுவான எஞ்சின் ஏன் அதிகம் சுற்றுவதில்லை என்ற கேள்விக்கு இது பாதிப் பதில்.

மீதிப் பதில் நேரத்தில் இருக்கிறது. டீசலைத் தீப்பொறி கொளுத்துவதில்லை. காற்றை அதன் கொள்ளளவில் ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்காக நெருக்கும்போது வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது; அந்தச் சூட்டில் பீய்ச்சப்படும் டீசல் துளியாக உடைந்து, ஆவியாகி, காற்றோடு கலந்து, பிறகுதான் எரிய வேண்டும். பெட்ரோல் முன்கூட்டியே காற்றோடு கலந்து காத்திருக்கிறது. டீசலுக்குக் கலக்கும் வேலையே அந்த நொடியில்தான் தொடங்குகிறது. 4,000 சுற்றில் கிராங்க் ஒரு முழுச் சுற்றுக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் 15 மில்லிவிநாடி. பிஸ்டன் மேலே இருக்கும் பயனுள்ள 30 டிகிரிக்குக் கிடைப்பது 1.25 மில்லிவிநாடி, 5,000-இல் அது ஒரே ஒரு மில்லிவிநாடி. அதற்குள் எரிந்து முடியாத டீசல், பிஸ்டன் பாதி இறங்கிய பிறகு எரிந்து, தள்ளும் வேலை செய்யாமல் சூடாகவும் கரும்புகையாகவும் வெளியேறும். ஒரே சுழற்சியில் டீசலைப் பல தவணையாகப் பீய்ச்சும் மல்டிஜெட் முறை இந்த நேரத்தை மிகத் திறமையாகச் செலவிடுகிறது, ஆனால் நேரத்தை நீட்ட எந்த முறையாலும் முடியாது. 2006இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற முதல் டீசல் காரான ஆடி ஆர்10, பணத்துக்கும் பொறியியலுக்கும் குறைவில்லாமல் செய்யப்பட்டது. அதன் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின்கூட 5,000 சுற்றை ஒட்டிய எல்லைக்குள்தான் ஓடியது.

ஓட்டுநருக்குப் பயன்படும் கணக்கு இதற்கடுத்தது. என் காரின் முறுக்குவிசை 2,000 சுற்றில் 190 நியூட்டன் மீட்டர்; உச்சத்திறன் 4,000 சுற்றில் 75 குதிரைத்திறன், அதாவது 55 கிலோவாட். முறுக்குவிசையைச் சுற்றால் பெருக்கி 9,550-ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். அப்படித் திருப்பிக் கணக்கிட்டால், 4,000 சுற்றில் எஞ்சினிடம் மிச்சமிருக்கும் முறுக்குவிசை 131 நியூட்டன் மீட்டர்தான். அதற்கு மேலே அது இன்னும் வேகமாகச் சரிவதால் திறனும் குறையத் தொடங்குகிறது. ஆகவே 4,000-க்கும் சிவப்புப் பட்டைக்கும் இடையில் இருக்கும் இடம், முந்தும்போது கியர் மாற்ற ஒரு விநாடி கூடுதலாகக் கிடைப்பதற்கானது. அங்கே தொடர்ந்து ஓட்டுவதால் வண்டிக்குச் சத்தம் கூடுமே தவிர இழுவை கூடாது.

மறுநாள் காலை, டீசலைக் குறைப்பது யார் என்று தேடப் போனேன். அந்தக் காலத்து எஞ்சினாக இருந்தால் பம்புக்குள் இருக்கும் கவர்னரைப் பார்க்க வேண்டியிருக்கும். 1788இல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினுக்குப் பொருத்திய சுழல் குண்டுகளின் அதே தத்துவம்தான்: எஞ்சின் வேகமாகச் சுற்றினால் எடைகள் மையத்தை விட்டு விலகி, டீசல் விடும் கம்பியைப் பின்னுக்கு இழுக்கும். பாஷ் நிறுவனம் 1927இல் டீசல் பம்புகளைத் தொடர்ச்சியாகத் தயாரிக்கத் தொடங்கிய பிறகு லாரிகள், பேருந்துகள், ஜீப்புகள் எல்லாம் பல பத்தாண்டுகள் இப்படிப்பட்ட குண்டுகளையும் ஸ்பிரிங்கையும் நம்பியே ஓடின. அண்ணன் அந்தக் கம்பிகளைக் கையால் சரிசெய்தவர். 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில், எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் கொடுக்கும் காமன் ரெயில் முறை வந்ததிலிருந்து அந்த வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது. எத்தனை சுற்று, எவ்வளவு காற்று, எவ்வளவு சூடு என்று சென்சார்கள் சொல்வதை வைத்து, இன்ஜெக்டர் எத்தனை மைக்ரோவிநாடி திறக்கலாம் என்று ஈசியு என்ற அந்தக் கணினி முடிவு செய்கிறது. அதற்குள் இருக்கும் அட்டவணைகளில் ஒன்று புகைக்கானது: இவ்வளவு காற்றுக்கு இவ்வளவு டீசலுக்கு மேல் விடாதே என்பது அதன் கட்டளை.

எண்ணம் அங்கே வந்ததும் கை தானாக, ஈசியு பதிந்து வைத்த பிழைகளைப் படிக்கும் ஓபிடி ரீடரை எடுத்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் சொருகி, செல்போனில் பார்த்தேன். விளக்கு எரியாவிட்டாலும், உறுதியாகாத பிழைகளின் பட்டியலில் ஒன்று காத்திருந்தது: பி0102. காற்றை அளக்கும் சென்சாரிலிருந்து வரும் சமிக்ஞை குறைவு என்பது அதன் பொருள். இத்தகைய பிழைகள் அடுத்தடுத்த ஓட்டங்களிலும் திரும்ப வந்தால்தான் விளக்கு எரியும். நான் ஒரே ஓட்டத்தில் நிறுத்திவிட்டதால் அது எரியவில்லை. எஞ்சினை ஓடவிட்டு நேரடி அளவுகளைப் பார்த்தபோது, காற்றின் அளவு நொடிக்கு ஆறு, ஏழு கிராம் என்று வந்து, சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து, மறுபடி ஏறியது. ஏர் ஃபில்டர் பெட்டியின் ஒயரை விரலால் லேசாக அசைத்தேன், எண் விழுந்தது. இன்னொரு முறை அசைத்தேன், ஏறியது.

கனெக்டரைக் கையில் எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். அதன் பக்கத்தில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் நாக்கு, சென்சாரின் மேட்டைத் தாண்டிப் போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும். நான் சொருகியபோது அது மேட்டின் மீது ஏறி, இரண்டு மில்லிமீட்டர் குறையாக நின்றிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் முழுதாகச் சொருகியது போலவே இருந்தது. உள்ளே இருக்கும் பின்கள் நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன. ஐடிலிங்கில் தொட்டுக்கொண்டும், சாலையின் அதிர்வில் விட்டுவிட்டும் இருந்திருக்கும். காற்று எவ்வளவு வருகிறது என்று தெரியாத ஈசியு, புகை வரக்கூடாது என்பதற்காக டீசலைக் குறைத்துவிட்டது. கனெக்டரைக் கழற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் கான்டாக்ட் கிளீனர் தெளித்துத் துடைத்து, நேராகப் பிடித்து அழுத்தினேன். ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். முந்தின நாள் அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பிழையை அழித்துவிட்டு, அதே சாலையில், அதே இடத்தில், மூன்றாவது கியர். 1,800-ஐத் தாண்டியதும், காற்றை நெருக்கி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போவின் இழுவை முதுகில் தெரிந்தது. முள் 3,000-ஐக் கண்டுகொள்ளாமல் கடந்து 3,800 வரை போனது. அதற்கு மேல் போக அந்தச் சாலையில் தேவை இருக்கவில்லை. காற்றின் எண்ணும் ஒருமுறைகூட விழாமல் மிதிக்கு ஏற்ப ஏறி இறங்கியது.

ஆயிலின் மேல் கோட்டைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். டீசலைக் குறைத்தால் வேகம் நிற்கும் என்பது, எஞ்சினுக்கு வேறு எங்கிருந்தும் எரிபொருள் வராத வரைதான் உண்மை. ஆயிலை அளவுக்கு மீறி ஊற்றினால் கிராங்க் அதை அடித்து நுரைக்கச் செய்து, எஞ்சின் மூச்சுவிடும் குழாய் வழியாகக் காற்றுப் பாதைக்குள் தள்ளக்கூடும். தேய்ந்த டர்போவின் சீல் வழியாகவும் ஆயில் கசியலாம். அந்த ஆயில் சிலிண்டருக்குள் போய்விட்டால் அதுவே எரிபொருள். அப்போது ஈசியு இன்ஜெக்டரை முற்றிலும் மூடினாலும், சாவியைத் திருப்பிக் கையில் எடுத்துக்கொண்டாலும், எஞ்சின் தன் ஆயிலைத் தானே குடித்து வேகமெடுத்துக்கொண்டே போகும். எந்தச் சிவப்புக் கோடும் அதைத் தடுக்காது. காற்றை அடைப்பது, அல்லது உயர்ந்த கியரில் போட்டு பிரேக்கை முழுதாக மிதித்து கிளட்ச்சை விட்டு எஞ்சினை அணைப்பது, இவைதான் வழி. சுழலும் எஞ்சினின் மேல் குனிந்து கையால் காற்றுக்குழாயை மூடப் போகக்கூடாது. லாரிப் பட்டறையில் அப்படி ஓர் எஞ்சின் பிய்த்துக்கொண்டு ஓடியதைத் தன் கண்ணால் பார்த்ததாக அண்ணன் சொன்னபோது அவர் குரலே மாறியது. வீட்டில் ஆயில் மாற்றுகிறவர்கள், வாங்கிய கேனைக் காலியாக்க வேண்டும் என்று நினைக்காமல் டிப்ஸ்டிக்கை மட்டும் நம்ப வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஈசியுவின் கைக்கு எட்டாத இன்னொரு வரம்பும் இருக்கிறது. கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது நான்காவதிலிருந்து மூன்றாவதுக்குப் போட நினைத்து, அவசரத்தில் முதல் கியரில் தள்ளி கிளட்ச்சை விட்டால், எஞ்சினைச் சுழற்றுவது டீசல் இல்லை, சக்கரங்கள். டீசலை முழுதாக நிறுத்தினாலும் வண்டியின் எடை கிராங்க்கைச் சுழற்றியே தீரும். டீசல் எஞ்சினில் எரிப்பு அறை பெரும்பாலும் பிஸ்டனின் தலைக்குழியிலேயே அமைந்திருப்பதால், மேலே வரும் பிஸ்டனுக்கும் வால்வுகளுக்கும் இடையே உள்ள இடைவெளி மிகக் குறைவு. வால்வு ஸ்பிரிங் ஈடுகொடுக்க முடியாத வேகம் வந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். மலையில் இறங்கும்போது கியரைக் குறைப்பது சரியான பழக்கம்தான். ஒரு நேரத்தில் ஒரு கியர், பிரேக்கால் வேகத்தைக் குறைத்த பிறகு.

அந்த வாரமே புகைச் சோதனைக்கும் தவணை வந்தது. டீசல் வண்டிக்கான சோதனையில் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, நியூட்ரலில் வைத்து, ஐடிலிங்கிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தி, எஞ்சின் தன் வரம்பைத் தொடும் வரை விட்டு, அப்போது வரும் புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று அளக்கிறார்கள்; பலமுறை செய்து சராசரி எடுக்கிறார்கள். முன்பெல்லாம் அந்தப் பையன் மிதிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசையும். இம்முறை பக்கத்தில் நின்று கேட்டேன்: சத்தம் சரசரவென்று ஏறி, ஓர் இடத்தில் யாரோ பிடித்து நிறுத்தியது போல அதே சுருதியில் நின்றது. அது ஈசியு இன்ஜெக்டர்களைக் குறைக்கும் இடம். எஞ்சின் சூடாகவும் ஆயில் அளவாகவும் இருக்கும்போது அந்த இடம் வரை போவதால் கெடுதல் இல்லை. பிஎஸ்-4 டீசலுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு மீட்டருக்கு 1.62, என் வண்டிக்கு வந்த அளவு 0.71.

சர்வீஸ் நோட்டில் 1,38,400 என்று எழுதி, ஆயில், ஆயில் ஃபில்டர், வாஷர், ஓ-ரிங், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டரில் தண்ணீர் வடித்தது என்று வரிசையாகக் குறித்தேன். ஏர் ஃபில்டர் வரிக்குப் பக்கத்தில், இனி ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியதாக இரண்டு குறிப்புகள் சேர்த்திருக்கிறேன்: கனெக்டர் ‘டிக்’ என்று பூட்டியதா, மூன்றாவது கியரில், சுமையோடு, 3,500 தாண்டியதா.